மூணாவது காரணம்

ஹாரி பர்ன் என்ற பேரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? அநேகமாக இருக்காது. அவர் ஜனாதிபதி இல்லை, பெரிய பேச்சாளரும் இல்லை. அமெரிக்காவில் டென்னசி என்ற மாநிலத்தின் சட்டசபையில் ஒரு சின்ன ஊர் எம்.எல்.ஏ. அவ்வளவுதான். ஆனா 1920 ஆகஸ்ட் 18ஆம் தேதி காலையில் அவர் சொன்ன ஒரே ஒரு "ஆம்", அந்த நாட்டுப் பெண்களுக்கு ஓட்டுரிமை வாங்கிக் கொடுத்தது.

தெரிஞ்சவங்களுக்கு இந்தக் கதை வேற மாதிரி தெரிஞ்சிருக்கும். "அம்மா லெட்டர் போட்டாங்க, பிள்ளை ஓட்டை மாத்திப் போட்டார், சரித்திரம் மாறிடுச்சு." ஃபார்வர்டு மெயிலுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி ஒரு கதை. பொய்யில்லை, உண்மைதான். ஆனா கொஞ்ச நாளா இந்த ஆளைப் பத்திக் கிடைச்சதையெல்லாம் படிச்சிட்டிருக்கேன். படிக்கப் படிக்க, அந்த ஒரு வரிக் கதை அவருக்கும் நியாயம் செய்யலை, அவங்க அம்மாவுக்கும் செய்யலைன்னு தோணிக்கிட்டே இருக்கு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

கிழக்கு டென்னசியில் மலைப்பக்கம் மெக்மின் கவுண்டியில் நயோட்டா என்று ஒரு ஊர். அதோட பழைய பேர் மவுஸ் க்ரீக். நம்ம பாஷையில் 'எலி ஓடை'. மாஸி க்ரீக் என்று இன்னொரு ஊர் இருந்ததால் ரயில்வேக்காரங்களுக்குக் குழப்பமாகி, பேரை மாத்தினாங்களாம். (எலியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.) ஹாரி அங்கே 1895 நவம்பர் 12இல் பிறந்தவர். அப்பா அந்த ஊர் ஸ்டேஷன் மாஸ்டர். பிள்ளையும் சதர்ன் ரயில்வேயில்தான் வேலைக்குச் சேர்ந்தார். 1916இல் அப்பா போயிட்டார். 1918இல் குடியரசுக் கட்சி சார்பில் நின்னு ஜெயிச்சப்ப ஹாரிக்கு வயசு 22. சபையிலேயே சின்னவர்.

அம்மா பேர் ஃபெப் பர்ன். கல்லூரியில் படிச்சவர், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினவர். கணவர் போன பிறகு பண்ணையைக் கட்டி ஆண்டவர். பத்திரிகைகளை விடாம படிக்கிற பழக்கம். அந்தக் காலத்தில் அந்த மலையூரில் இப்படி ஒரு பெண்மணி என்றால் நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இப்ப மேட்டருக்கு வருவோம். பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தம், அதாவது 19ஆவது திருத்தம், 1919 ஜூன் 4இல் காங்கிரஸில் நிறைவேறியாச்சு. ஆனா அதோட முடியாது. அப்ப இருந்த 48 மாநிலங்களில் முக்கால்வாசி, அதாவது 36 மாநிலங்கள் ஒப்புதல் தரணும். 1920 மார்ச்சுக்குள் 35 வந்தாச்சு. அப்புறம் வண்டி நின்னு போச்சு. ஜூனில் டெலவேர் கையை விரிச்சிடுச்சு. தெற்கு மாநிலங்கள் பெரும்பாலும் முறைச்சிக்கிட்டு நின்னது. மிச்சமிருந்த நம்பிக்கை டென்னசி. கவர்னர் ராபர்ட்ஸ் ஆகஸ்டில் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார்.

நாஷ்வில் நகரம் அந்த ஆகஸ்டில் இருந்த கோலத்தைப் படிச்சா சிரிப்பாவும் வருது, பயமாவும் இருக்கு. ஓட்டுரிமை இயக்கத்தின் தலைவி கேரி சாப்மன் கேட், நியூயார்க்கிலிருந்து வந்து ஹெர்மிடேஜ் ஓட்டலில் வாரக்கணக்காகத் தங்கியிருக்கார். எதிர்ப்புப் பெண்கள் கூட்டமும் அதே ஓட்டலில்தான்! ஆமா, பெண்களுக்கு ஓட்டு வேண்டாம்னு போராடின பெண்கள். ஆதரவுக்காரங்க சட்டையில் மஞ்சள் ரோஜா, எதிர்ப்புக்காரங்க சட்டையில் சிவப்பு ரோஜா. எம்.எல்.ஏ.க்களின் நெஞ்சைப் பார்த்தே தலை எண்ணலாம். மதுவிலக்கு அமலில் இருந்த காலம், ஆனா அந்த ஓட்டல் மாடியில் எதிர்ப்பு அணி நடத்தின அறையில் சரக்கு தாராளமா ஓடியிருக்கு. கட்சி மாறுற வைபவம், ராத்திரி மிரட்டல், பொய்த் தந்தி என்று எதுவும் பாக்கியில்லை. நமக்கு இதெல்லாம் புதுசா என்ன :)

ஆகஸ்ட் 13இல் மேலவை 25-4 என்று சுலபமா ஒப்புதல் கொடுத்திடுச்சு. அந்த விவாதத்தில் கடும் எதிர்ப்பாகப் பேசினவர்களில் ஒருத்தர் செனட்டர் கேண்ட்லர். இவர் யார்னா, நம்ம ஹாரிக்கு அரசியல் குரு. அதே மாவட்டத்துக்காரர். ஹாரியின் நிலைமையை இங்கேதான் நிறுத்திப் பார்க்கணும். 24 வயசு. அப்பா இல்லை. அரசியலில் கையைப் பிடிச்சு நடத்தினவர் எதிர்ப்பு அணியில். மாவட்டத்துப் பெரிய தலைகளும் எதிர்ப்பு. மூணு மாசத்தில் நவம்பர் தேர்தல், மறுபடி நிக்கணும். சட்டையில் சிவப்பு ரோஜாவைக் குத்திக்கிட்டார். ஆனா ஓட்டுரிமைக்காரப் பெண்கள் கேட்டப்ப, என் ஓட்டால உங்களுக்குக் கெடுதல் வராதுங்கிற மாதிரி ஒரு பதிலையும் சொல்லி வச்சிருந்தார். ரெண்டு பக்கமும் கால். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு. அவர் பிறவி வீரர் எல்லாம் இல்லை.

18ஆம் தேதி. 99 பேர் கொண்ட சபையில் 96 பேர் வந்திருக்காங்க. சபாநாயகர் சேத் வாக்கர் எதிர்ப்பு அணித் தலைவர். அவர் கையில் ஒரு தந்திரம் இருந்தது. தீர்மானத்தை நேரடியாகத் தோற்கடிக்க வேண்டாம், கிடப்பில் போட்டுடலாம்.

இந்தக் கிடப்பில் போடுறது எவ்வளவு சௌகரியமான விஷயம்னு எங்க அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்கு வந்தா தெரியும். வாட்ச்மேனுக்குச் சம்பளம் கூட்டலாமான்னு ஒருத்தர் கேட்பார். யாரும் "கூடாது"ன்னு சொல்ல மாட்டாங்க. நாளைக்குக் காலையில் அந்த வாட்ச்மேன் முகத்தில் முழிக்கணுமே! "நல்ல விஷயம் சார், அடுத்த கூட்டத்துல விவரமா பேசிக்கலாம்"பாங்க. உடனே பத்து கை தூக்கும். அந்தப் பத்து கையில் என் கையும் இருந்திருக்கு. நாலு கூட்டம் கழிச்சும் அந்த மனுஷனுக்கு அதே சம்பளம்தான். யாரும் எதிர்க்கலையே!

நாஷ்வில்லிலும் இதேதான் திட்டம். பெண்களுக்கு எதிரா ஓட்டுப் போட்டேன்ங்கிற கெட்ட பேரும் வேண்டாம், ஆதரிச்சேன்ங்கிற கெட்ட பேரும் வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒளிஞ்சுக்க ஒரு மறைவு. ஹாரி அந்த மறைவில்தான் நின்னார். கிடப்பில் போடணும்ங்கிற பக்கம் ஓட்டுப் போட்டார்.

ஆனா கணக்குத் தப்பிடுச்சு. பேங்க்ஸ் டர்னர் என்று ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருத்தர், தங்க பக்கம்தான் வருவார்னு எதிர்ப்பு அணி நம்பியிருந்த ஆள், வரலை. 48க்கு 48. வாக்கரால் நம்ப முடியலை, மறுபடி பேர் பேரா கூப்பிடச் சொன்னார். மறுபடியும் 48க்கு 48. ஹாரி ரெண்டு தடவையும் கிடப்பில் போடுற பக்கமே. சமநிலை என்றால் பிரேரணை தோல்வி. வாக்கரும் விடலை, சரி, அப்ப ஒப்புதல் தீர்மானத்தையே ஓட்டுக்கு விடுங்கன்னார். அதே 48 பேர் எதிர்த்தால் போதும், சமநிலை, திருத்தம் காலி. அவர் கணக்கு சரியான கணக்குதான்.

ஆனா கேள்வி மாறிடுச்சு இல்லையா? அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம் என்று சொல்ல இப்ப வழியில்லை. ஆம் அல்லது இல்லை. ஒளிஞ்சிருந்த மறைவைச் சபாநாயகரே எடுத்துட்டார்.

ஹாரியின் கோட்டுப் பையில் அன்னிக்குக் காலையில் வந்த ஒரு கடிதம் இருந்தது. அம்மா எழுதினது. ஏழு பக்கம்னு சொல்றாங்க. எல்லாரும் நினைக்கிற மாதிரி அது ஒரு முழக்கம் எல்லாம் இல்லை. நீ போனதிலிருந்து ஒரே மழை, வீட்டில் எல்லாரும் சௌக்கியம், அக்கம்பக்கத்துச் சேதி, வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் கடுதாசி போடு என்று போகிற சாதாரண அம்மா கடிதம். நடுநடுவே அரசியல். ஓட்டுரிமைக்கு ஓட்டுப் போடு, அவங்களைச் சந்தேகத்தில் வச்சிருக்காதே. பேப்பரில் கேண்ட்லர் பேச்சைப் பார்த்தேன், ரொம்பக் கசப்பு. நீ எந்தப் பக்கம்னு பேப்பரில் தேடிக்கிட்டே இருக்கேன், இன்னும் ஒண்ணும் கண்ணில் படலை.

இந்தக் கடைசி விஷயம்தான் என்னை உலுக்கினது. எங்க அம்மாவும் ஹாஸ்டலுக்கு இன்லண்ட் லெட்டர் போடுவாங்க. மாடு கன்னு போட்டது, பெரியப்பாவுக்கு முட்டிவலின்னு முக்கால் பாகம் போகும். ஓரத்தில் மடிக்கிற இடத்தில் நுணுக்கி ஒரு வரி இருக்கும், அதுதான் விஷயமே. ஃபெப் பர்னும் அப்படித்தான் செஞ்சிருக்கார். உத்தரவு போடலை, திட்டலை. நீ எங்கே நிக்கிறேன்னு தேடிப் பார்த்தேன், காணோம்ங்கிறார். மறைவில் நிக்கிற பிள்ளைக்கு இதைவிடச் சங்கடமான வாக்கியம் இருக்க முடியுமா?

கடைசியில் ஒரு விளையாட்டு. நல்ல பிள்ளையா இருந்து மிஸஸ் கேட்டுக்கு உதவி பண்ணு, 'ரேட்டிஃபிகேஷன்'ல 'ரேட்'டைச் சேர்க்க என்று. ரேட்டிஃபிகேஷன் என்றால் ஒப்புதல். ரேட் என்றால் எலி. கேட் என்றால் பூனை. எலி ஓடை ஊரிலிருந்து பூனையம்மாவுக்கு எலி பிடிச்சுக் கொடுக்கச் சொல்லி ஒரு கடுதாசி. தமிழில் விளக்கினா ஜோக் செத்துப் போகுது, மன்னிச்சுக்கங்க.

பேர் வரிசைப்படி கூப்பிட்டாங்க. பர்ன் என்பது அகர வரிசையில் முன்னாடியே வந்துடும், யோசிக்க நேரமில்லை. "ஆம்" என்றார். சட்டையில் சிவப்பு ரோஜா அப்படியே இருக்கு. கூட்டத்துக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சாம். டர்னரும் ஆம். 49-47. மேல்மாடத்திலிருந்து மஞ்சள் ரோஜாக்கள் மழையா விழுந்தது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்க. மறுபரிசீலனை கோரணும்னா ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவராத்தான் இருக்கணும்ங்கிறது சபை விதி. அதனால வாக்கர் தன் ஓட்டை 'ஆம்' என்று மாத்திக்கிட்டார். இதில் வேடிக்கை என்னன்னா, 99 பேர் சபையில் சரிபாதிக்கு மேல் என்றால் 50. 49 போதுமா போதாதான்னு ஒரு வம்பு கிளம்பியிருக்கலாம். வாக்கரே ஐம்பதாவது ஓட்டைப் போட்டு அந்த வம்புக்கு இடமில்லாம பண்ணிட்டார். பாவம். மறுபரிசீலனைக்கு ஆள் சேரலை. எதிர்ப்பு எம்.எல்.ஏ.க்கள் முப்பது பேருக்கு மேல் ராத்திரி ரயிலேறி அலபாமாவில் டெக்கேட்டருக்கு ஓடிட்டாங்க, கோரம் இல்லாம சபை நடக்கக் கூடாதுன்னு. ரிசார்ட் அரசியல் நம்ம கண்டுபிடிப்புன்னு நினைச்சிட்டிருந்தேன்! ஆனா ஒண்ணும் பலிக்கலை. 24ஆம் தேதி கவர்னர் கையெழுத்து, 26ஆம் தேதி வாஷிங்டனில் அறிவிப்பு. 31ஆம் தேதி டென்னசி சபை ஒப்புதலைத் திரும்பப் பெறவும் பார்த்தது. செல்லலை. 1922இல் உச்ச நீதிமன்றமும் திருத்தம் செல்லும்னு முடிச்சு வச்சிடுச்சு.

ஹாரி பாடு திண்டாட்டம். துரத்தி வந்த கூட்டத்துக்குப் பயந்து ஜன்னல் வழியா இறங்கி, மூணாம் மாடி விளிம்பில் நடந்து, பரணில் ஒளிஞ்சார்னு ஒரு கதை உண்டு. சினிமாவுக்கு நல்லா இருக்கும், நான் நம்பலை. ஆனா லஞ்சம் வாங்கினார்ங்கிற குற்றச்சாட்டு நிஜம். பத்திரிகை வரைக்கும் போச்சு. முன்னாள் லூசியானா கவர்னரின் மனைவி நயோட்டாவுக்கே போய், அந்தக் கடிதம் நான் எழுதலைன்னு சொல்லச் சொல்லி ஃபெப் அம்மாவை நெருக்கியிருக்கார். அந்தம்மா அசையலை. எழுதினது நான்தான், என் நிலையில் மாற்றமில்லைன்னு நாஷ்வில்லுக்குத் தந்தி அடிச்சார்.

மறுநாள் 19ஆம் தேதி ஹாரி சபைக் குறிப்பேட்டில் தன் விளக்கத்தைப் பதிவு பண்ணினார். இந்தப் பதிவை நான் எழுதவே காரணம் அந்த விளக்கத்தில் இருக்கிற வரிசைதான். முதல் காரணம்: முழு ஓட்டுரிமை ஒரு உரிமை என்று நம்புகிறேன். ரெண்டாவது: ஒப்புதல் தர நமக்கு தார்மீக உரிமையும் சட்ட உரிமையும் உண்டு. மூணாவதுதான் அம்மா. அம்மா சொல்லைக் கேட்கிறது பிள்ளைக்கு எப்பவும் பத்திரம், என் அம்மா நான் ஒப்புதலுக்கு ஓட்டுப் போடணும்னு விரும்பினார். நாலாவது: ஒரு கோடியே எழுபது லட்சம் பெண்களை அரசியல் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கிற வாய்ப்பு மனுஷப் பிறவிக்கு எப்பவாவதுதான் வாய்க்கும், அது எனக்கு வாய்ச்சது. அஞ்சாவது: இந்தப் பெருமை என் கட்சிக்குக் கிடைக்கணும்.

கட்சியையும் விடலை பாருங்க, அசல் அரசியல்வாதி! ஆனா அம்மா மூணாவது. உலகம் அந்த மூணாவதை மட்டும் பிடிச்சுக்கிச்சு. ஏன்னா அது இனிப்பா இருக்கு. "உரிமை என்று நம்புகிறேன்"ங்கிறதில் கண்ணீர் வராது. அதோட, பெண்களின் ஓட்டுரிமையைக்கூட ஒரு நல்ல பிள்ளை அம்மாவுக்குக் கொடுத்த பரிசு மாதிரி சொல்லிட்டா, 1848இல் செனிகா ஃபால்ஸ் கூட்டத்திலிருந்து 72 வருஷம் தெருவில் நின்னவங்களையும், ஜெயிலுக்குப் போனவங்களையும், உண்ணாவிரதம் இருந்தவங்களையும் மறந்துடலாம் பாருங்க. எனக்கு எரிச்சல் அதில்தான்.

பின்னாளில் ஹாரியே காரணத்தை இன்னும் விளக்கியிருக்கார். கல்லூரியில் படிச்சு, அரசியலைக் கரைச்சுக் குடிச்ச என் அம்மாவுக்கு ஓட்டு இல்லை, எங்க பண்ணையில் குத்தகைக்கு உழுத எழுதப் படிக்கத் தெரியாத ஆம்பளைங்களுக்கு இருந்தது என்பார். ஊர் ஓட்டும் ஜனாதிபதி ஓட்டும் டென்னசிப் பெண்களுக்கு 1919லேயே வந்தாச்சு. ஆனா தன் பிள்ளை நிக்கிற சட்டசபைத் தேர்தலில் ஃபெப்பால் ஓட்டுப் போட முடியாது. அவர் சொல்றது புரியுது. ஆனாலும் இந்த வாதம் எனக்குக் கொஞ்சம் உறுத்துது. படிக்காதவனுக்கு ஓட்டு இருக்கேங்கிற ஆதங்கம் அப்படியே ஒரு அடி நகர்ந்தா எங்கே போய் நிக்கும்னு தெற்கு மாநிலங்களே காட்டினது. கறுப்பினப் பெண்களுக்கு இந்தத் திருத்தம் காகிதத்தில்தான் ஓட்டுக் கொடுத்தது. எழுத்தறிவுத் தேர்வு, ஓட்டு வரி, அடி உதை என்று 1965 வரைக்கும் தெற்கில் அவங்களில் பெரும்பாலானவங்களைத் தள்ளியே வச்சாங்க. 1920 மே மாசம் நாஷ்வில்லில் அதே சபை மண்டபத்தில் ஃப்ராங்கி பியர்ஸ் என்ற கறுப்பினத் தலைவி வந்து பேசியிருக்கார், ஓட்டு கிடைச்சா நாங்க என்ன செய்வோம்னு. ஆகஸ்டில் அந்த மண்டபத்தில் முடிவெடுத்தவங்க அத்தனை பேரும் வெள்ளைக்கார ஆம்பளைங்க.

ஹாரி நவம்பரில் மறுபடி நின்னார். கஷ்டப்பட்டுத்தான் ஜெயிச்சார். கூட்டத்தைக் கூட்டின கவர்னர் ராபர்ட்ஸ் தோத்துட்டார், வரி விவகாரம் உள்பட அதுக்குப் பல காரணம் உண்டு. ஹாரி வக்கீலானார், வங்கி நடத்தினார். 1930இல் கவர்னர் பதவிக்கு முயற்சி பண்ணி உட்கட்சித் தேர்தலிலேயே போயிடுச்சு. 1949இலிருந்து 1953 வரை மாநில செனட்டர். மாநில அரசியல் சட்ட மாநாடுகளில் உறுப்பினர். எதுவும் பெரிசா பேசப்படலை. ஃபெப் அம்மா 1945இல் காலமானார். 2018இல் நாக்ஸ்வில் நகரில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே சிலை வச்சாங்க.

பேங்க்ஸ் டர்னருக்கு அம்மா கடிதம் எதுவும் வரலை போல. அவர் மட்டும் கிடப்பில் போடுற ஓட்டெடுப்பில் மாறி நிக்கலைன்னா, ஹாரியின் "ஆம்"க்கு வேலையே வந்திருக்காது. அவர் பேரைத் தேடினா நாலு வரிக்கு மேல் கிடைக்கிறது கஷ்டமா இருக்கு.

நயோட்டா ஸ்டேஷன் கட்டடம் இடியாம நின்னு, பின்னாளில் ஊர் நிர்வாக அலுவலகமா ஆச்சு. 1980களின் கடைசியில் அந்த ஊர் மேயரிலிருந்து உறுப்பினர்கள் வரை அத்தனை பேரும் பெண்கள். ஹாரி அதைப் பார்க்கலை, 1977 பிப்ரவரி 19இல் அதே நயோட்டாவில் போயிட்டார்.